எரிக்காமல் விட்ட ஊர்: கி.மு. 52-இல் கோலியர் தோற்ற விதம்

கி.மு. 52, குளிர்காலம். லுவார் ஆற்றங்கரையில் கெனாபம் என்றொரு ஊர். இன்றைக்குப் பிரான்சின் ஓர்லியான் நகரம் இருக்கும் இடம். அன்றைய கோல் நாடு ஏறக்குறைய இன்றைய பிரான்ஸ்; அங்கே வாழ்ந்த பல குலங்களுக்கும் பொதுப் பெயர் கோலியர். சூரியன் உதிக்கும் நேரத்தில் அவர்களில் ஒரு குலமான கார்னுடெஸ் குலத்தார் கெனாபத்தில் புகுந்து, வியாபாரத்துக்காகத் தங்கியிருந்த ரோமானியர்களை வெட்டிக் கொன்றார்கள். செத்தவர்களில் ஒருவரை மட்டும் ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார்: கையுஸ் ஃபுஃபியுஸ் சிடா. ரோமானியப் படைக்குத் தானியம் சேகரிக்கும் பொறுப்பு அவர் கையில் இருந்தது. செய்தி வயல்வெளிகளில் ஆள்மாற்றி ஆள் கூவியே பரவி, அன்று இரவு முதல் சாமம் முடிவதற்குள் சுமார் 240 கி.மீ. தள்ளியிருந்த அர்வெர்னி குலத்தாரின் நாட்டை எட்டிவிட்டது.

அப்படித் தொடங்கிய கலகம் அதே ஆண்டில் அலேசியா என்ற மலையூரில் முறிந்தது. அலேசியாவைப் பெரும்பாலும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். சீசரின் கோட்டை கட்டும் திறமை என்பார்கள். இல்லாவிட்டால் வெர்சிங்கெடோரிக்ஸ் என்ற இளம் தலைவரின் வீரம், தியாகம் என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்தச் சில மாத நிகழ்வுகளைத் தானியக் கணக்கோடு சேர்த்துப் படித்தால் கதை வேறு மாதிரி போகிறது. ரோமானியப் படையை எங்கே அடித்தால் விழும் என்று கோலியருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. அங்கேதான் அடித்தார்கள். அதில் ஓர் ஊரை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த ஊர்தான் எதிரிக்குச் சோறு போட்டது.

முதலில் சாட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் போருக்கு ஏறக்குறைய ஒரே சாட்சி சீசர் எழுதிய குறிப்புகள்தான். கோலியர் தரப்பில் யாரும் எழுதி வைக்கவில்லை. ரோமில் தன் பெயரைத் தூக்கி நிறுத்துவதற்காக எழுதியவர் அவர். எதிரிப் படையின் எண்ணிக்கையை அவர் சொல்லும்போது கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். தானியம் பற்றி அவர் சொல்வதை மட்டும் நான் பெரும்பாலும் நம்புகிறேன். தன் படை பசியில் கிடந்தது, கூட்டாளிகள் கைவிட்டார்கள் என்று ஒரு தளபதி தானே எழுதுகிறார் என்றால், அதில் அவருக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

ஒரு படை ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடும்?

ரோமானியக் காலாள் வீரனின் மாதப் படியைக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியுஸ் சொல்லியிருக்கிறார். இன்றைய அளவில் நாளுக்கு 850 கிராம் கோதுமைக்குப் பக்கமாக வரும். வீரர்கள் அதைக் கையிலேயே திரித்து ரொட்டியோ கூழோ ஆக்கிக்கொள்வார்கள். 52-இல் சீசரிடம் இருந்தவை 10 லீஜியன்கள், அதாவது ரோமானியப் படையின் பெரிய பிரிவுகள். ஒரு லீஜியனுக்கு 4,000 பேர் என்று குறைத்தே வைத்தாலும் 40,000 வாய். நாளுக்கு 34 டன் கோதுமை. குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் தீவனம் தனி. குதிரைப்படை, வேலையாட்கள் கணக்கும் தனி.

இவ்வளவையும் இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸ் மலை தாண்டிக் கொண்டுவர முடியாது. கோல் நாடே போட்டாக வேண்டும். போட அதற்கு வசதியும் இருந்தது. காட்டுக்குள் திரிந்த நாடோடிகளாக நாம் கற்பனை செய்துகொள்ளும் கோலியர் உண்மையில் நல்ல விவசாயிகள். இரும்புக் கொழு வைத்து உழுதார்கள், சாலையும் பாலமும் போட்டார்கள், சொந்தக் காசு அடித்தார்கள், உபரித் தானியத்தைச் சேமித்தார்கள். சீசர் அவ்வளவு வேகமாக நாட்டுக்குள் புகுந்து புறப்பட முடிந்ததே அந்தச் சாலைகளாலும் அந்த உபரியாலும்தான். ஒரு வறண்ட நாட்டில் அவர் ஒரு பருவம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்.

அப்படிப்பட்ட நாட்டிலும் இழுபறி சீசர் வந்த முதல் வருடமே தொடங்கிவிட்டது. கி.மு. 58-இல் ஹெல்வெட்டியர் என்ற குலத்தாரைத் துரத்திக்கொண்டு போனபோது வயலில் கதிர் முற்றவில்லை. ஏதுயி குலத்தார், அதாவது ரோம மக்களின் உடன்பிறப்புகள் என்று செனட் சபையே பட்டம் கொடுத்து வைத்திருந்தவர்கள், தானியம் தருகிறோம் தருகிறோம் என்று நாள் கடத்தினார்கள். படைக்குப் படி அளக்க இரண்டே நாள் பாக்கி இருந்த நிலையில், துரத்துவதை விட்டுவிட்டு ஏதுயிகளின் பெரிய நகரமான பிப்ராக்டேயை நோக்கிச் சீசர் திரும்ப வேண்டியதாயிற்று. கி.மு. 54-இல் மழை பொய்த்து விளைச்சல் குறைந்தது. ஒரே இடத்தில் எல்லா லீஜியன்களையும் வைத்துச் சாப்பாடு போட முடியாமல், அவற்றைப் பிரித்துத் தூரதூரமாகக் குளிர்காலப் பாசறைகளில் வைத்தார். அந்தப் பிரிவினையைப் பார்த்துத்தான் எபுரோனெஸ் தலைவர் அம்பியோரிக்ஸ் பாய்ந்தார். சபினுஸ், கோட்டா என்ற இரு தளபதிகளும் அவர்களோடு இருந்த 15 சிறு படைப்பிரிவுகளும் (ஒன்றரை லீஜியன்) அழிந்தார்கள். கோல் போரில் ரோமுக்கு விழுந்த மிகப் பெரிய அடி அது. அதற்கு வழி திறந்துவிட்டது ஒரு மோசமான அறுவடை.

தீ வைக்கும் திட்டம்

வெர்சிங்கெடோரிக்ஸ் அர்வெர்னி குலத்து இளைஞர். தந்தை கெல்டிலுஸ் ஒரு காலத்தில் கோல் முழுவதிலும் செல்வாக்குப் பெற்றிருந்தவர். அரசனாகப் பார்க்கிறார் என்று சொந்தக் குலத்தாரே அவரைக் கொன்றுவிட்டார்கள். மகன் கலகத்துக்கு ஆள் திரட்டியபோது சித்தப்பா கோபன்னிடியோவும் மற்றப் பெரியவர்களும் அவரை கெர்கோவியா ஊரை விட்டே துரத்தினார்கள். அவர் நாட்டுப்புறத்தில் கிடைத்த ஏழைகளையும் ஒதுக்கப்பட்டவர்களையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்து ஊரைப் பிடித்தார். கொஞ்ச நாளில் பல குலங்கள் அவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டன. இந்தப் பின்னணியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் கையில் இருந்தது சிம்மாசனம் இல்லை. குலங்கள் சேர்ந்து கொடுத்த பொறுப்பு. கொடுத்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

சீசர் அப்போது இத்தாலிப் பக்கம் இருந்தார். செய்தி கேட்டு, செவென் மலையில் ஆறடிப் பனியை வெட்டித் தள்ளிவிட்டு வடக்கே தன் படையோடு வந்து சேர்ந்தார். குளிர்காலம் முடிவதற்கு முன் படையை நகர்த்தினால் தானியம் கொண்டுவரச் சிரமப்படுவோம் என்ற கவலை அவருக்கு இருந்தது, அவரே எழுதியிருக்கிறார். இருந்தாலும் சும்மா இருந்தால் மிச்சமிருக்கும் கூட்டாளிகளும் போய்விடுவார்கள். சரி என்று 8 லீஜியன்களோடு புறப்பட்டார். வெல்லௌனோடுனம், கெனாபம், நோவியோடுனம் என்று அடுத்தடுத்து மூன்று ஊர்கள் அவர் கைக்கு வந்தன.

மூன்று அடி வாங்கிய பிறகு வெர்சிங்கெடோரிக்ஸ் கூட்டிய ஆலோசனைக் கூட்டம்தான் இந்தப் போரின் மையம். இனி நேருக்கு நேர் மோத வேண்டாம் என்றார் அவர். இப்போது வயலில் அறுக்க ஒன்றும் இல்லை. ரோமானியர் தானியத்துக்கும் தீவனத்துக்கும் சிறுசிறு கூட்டமாகப் பிரிந்து வீடுவீடாகத்தான் போக வேண்டும். அப்படிப் போகிறவர்களை நம் குதிரைப்படை தினமும் அடிக்கட்டும். எதிரி எட்டக்கூடிய தூரத்தில் இருக்கிற கிராமங்களையும் பண்ணை வீடுகளையும் கொளுத்திவிடுவோம். காக்க முடியாத ஊர்களையும் விட்டுவைக்கக் கூடாது. இது கொடுமையாகத் தெரிந்தால், பெண்டாட்டி பிள்ளைகள் அடிமைகளாக இழுத்துப் போகப்படுவதும் நாம் சாவதும் இதைவிடக் கொடுமை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரே நாளில் பிடுரிகெஸ் குலத்தின் 20-க்கும் மேற்பட்ட ஊர்கள் எரிந்தன. பக்கத்துக் குலங்களும் தங்கள் ஊர்களுக்குத் தீ வைத்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் நெருப்புத் தெரிந்தது என்கிறார் சீசர்.

அடுத்தது அவாரிகம். இன்றைய பூர்ஜ் நகரம். அதை எரிப்பதா, காப்பதா என்று கேள்வி வந்தபோது பிடுரிகெஸ் பெரியவர்கள் கூட்டத்தில் இருந்த எல்லார் காலிலும் விழுந்தார்கள். கோல் நாட்டிலேயே ஏறக்குறைய இதுதான் அழகான ஊர், எங்கள் குலத்துக்குக் காவலும் பெருமையும் இதுதான், சுற்றிலும் ஆறும் சதுப்பும் இருக்கிறது, நுழைய ஒரே ஒரு குறுகலான வழிதான், நாங்கள் காத்துக்கொள்கிறோம் என்று மன்றாடினார்கள். வெர்சிங்கெடோரிக்ஸ் முதலில் மறுத்தார். அப்புறம் அவர்களுடைய கெஞ்சலுக்கும் மற்றவர்களின் இரக்கத்துக்கும் விட்டுக்கொடுத்துவிட்டார்.

அவாரிகம்

திட்டம் எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதை அவாரிகத்தின் மதிலுக்கு வெளியே கிடந்த ரோமானியரே காட்டினார்கள். தானியம் தரவேண்டியவர்கள் இரண்டு குலத்தார். ஏதுயிகளுக்கு மனசில்லை. போயிகளுக்கு மனசு இருந்தும், சின்ன ஏழைக் குலம் என்பதால் இருந்தது சீக்கிரமே தீர்ந்துவிட்டது. சுற்று வட்டாரமோ சாம்பல். வெர்சிங்கெடோரிக்ஸ் சுமார் 16 ரோமானிய மைல் தள்ளிப் பாசறை போட்டுக்கொண்டு, தீவனம் தேடிப் போகிறவர்களை நேரம் பார்த்து அடித்துக்கொண்டிருந்தார். ரோமானிய வீரர்கள் பல நாள் தானியமே கண்ணில் காணாமல், தூரத்துக் கிராமங்களிலிருந்து ஓட்டிவந்த மாடுகளை அறுத்துத் தின்று காலம் தள்ளினார்கள். கோதுமையில் வாழ்ந்த படைக்கு இறைச்சி மட்டும் என்பது விருந்து அல்ல, பஞ்சம்.

சீசர் ஒவ்வொரு லீஜியனிடமும் போய், பசி தாங்கவில்லை என்றால் முற்றுகையை விட்டுவிடுகிறேன் என்றார். வேண்டாம், கெனாபத்தில் செத்தவர்களுக்குப் பழி வாங்காமல் போக மாட்டோம் என்று வீரர்கள் சொன்னதாக எழுதுகிறார். வீரர்களின் வாயில் தான் விரும்பிய பதிலை அவர் வைத்திருக்கலாம். ஆனால் முற்றுகையைக் கைவிடும் பேச்சு எழுந்தது என்பதை அவர் கற்பனை செய்திருக்கத் தேவையில்லை. அவாரிகமும் எரிந்து கிடந்திருந்தால் அந்தப் படை எதை நோக்கிப் போயிருக்கும்? தெற்கே, ஏற்கெனவே ரோமின் கையில் இருந்த மாகாணத்தை நோக்கி, பசியோடு நடந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஊர் இருந்ததால் முற்றுகை நடந்தது. 25 நாளில் 330 அடி அகலம், 80 அடி உயரத்துக்கு ஒரு மண்மேட்டை மதிலுக்கு எதிரே எழுப்பினார்கள். உள்ளே இருந்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை. அந்தப் பகுதியில் இரும்புச் சுரங்கங்கள் உண்டு. சுரங்கம் தோண்டத் தெரிந்த ஆட்கள் மேட்டுக்கு அடியில் புகுந்து மண்ணை உருவினார்கள், கடைசியில் அடியிலிருந்தே தீயும் வைத்தார்கள். மதில் கட்டியிருந்த முறையைச் சீசர் ரசித்து விவரிக்கிறார். குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்களைப் பிணைத்து இடையில் கல் அடுக்கிய சுவர். கல் இருப்பதால் தீ பிடிக்காது. மரம் இருப்பதால் இடிக்கும் எந்திரத்துக்கு உடையாது. இதே பாணி மதில்களை ஐரோப்பாவில் பல இடங்களில் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

இந்த முற்றுகையில் சீசர் தன் கண்ணால் கண்டதாகச் சொல்லும் ஒரு காட்சி உண்டு. வாசலுக்கு எதிரே நின்ற ஒரு கோலியர், பின்னால் இருப்பவர்கள் கைமாற்றிக் கொடுத்த கொழுப்பு, கீல் உருண்டைகளை வாங்கி நெருப்புக்குள் வீசிக்கொண்டிருந்தார். ரோமானிய அம்பு எந்திரம் அவரை வீழ்த்தியது. அடுத்து நின்றவர் பிணத்தைத் தாண்டி வந்து அதே இடத்தில் நின்று வீசினார். அவரும் விழுந்தார். மூன்றாமவர், நான்காமவர் என்று தீ அணையும்வரை அந்த இடம் காலியாகவே இல்லை. எதிரியின் துணிச்சலை இப்படி எழுத வேண்டிய கட்டாயம் சீசருக்கு இல்லை. அவரை உலுக்கியிருக்க வேண்டும்.

இரவில் நழுவிவிடலாம் என்று காவல் வீரர்கள் முயன்றார்கள். குழந்தைகளோடு எங்களை விட்டுப் போகிறீர்களா என்று பெண்கள் கூச்சல் போட்டதில் அது நடக்கவில்லை. மறுநாள் கொட்டிய மழையில் மதில் காவல் தளர்ந்திருந்த நேரம் பார்த்து ரோமானியர் ஏறிவிட்டார்கள். கிழவர், பெண், குழந்தை என்று பார்க்கவில்லை. உள்ளே இருந்த சுமார் 40,000 பேரில் 800 பேர்தான் தப்பி வெர்சிங்கெடோரிக்ஸிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

அதற்கு அடுத்து வரும் ஒரு சின்னக் குறிப்பைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அவாரிகத்தில் ஏராளமான தானியமும் மற்றப் பொருள்களும் கிடைத்தன. அங்கேயே பல நாள் தங்கிப் படையைத் தேற்றிக்கொண்டேன் என்கிறார் சீசர். எரிந்த 20 ஊர்களின் தானியத்தில் ஒரு பங்காவது அந்த மதிலுக்குள் வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். நாட்டையே கொளுத்தி, விளைந்ததை ஒரே களஞ்சியத்தில் சேர்த்துப் பூட்டி, கடைசியில் சாவியை எதிரியிடம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் அங்கிருந்து கிளம்பும்போது குளிர்காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. எரிக்கும் திட்டத்துக்கு உதவியாக இருந்த பருவமும் அதோடு போயிற்று.

விசித்திரம் என்னவென்றால், தோல்வியால் வெர்சிங்கெடோரிக்ஸின் மதிப்பு கூடியது. அந்த ஊரை எரித்துவிடச் சொன்னவர் அவர் ஒருவர்தானே.

கெர்கோவியாவும் பச்சை வயலும்

கெர்கோவியா வெற்றியை இங்கே நீட்டப் போவதில்லை. இன்றைய கிளெர்மோன்-ஃபெரான் பக்கத்தில் இருக்கும் அந்த மலைக்கோட்டையில் சீசர் 46 செஞ்சூரியன்களையும் (சிறு படைக்குழுத் தலைவர்கள்) ஏறக்குறைய 700 வீரர்களையும் இழந்து பின்வாங்கினார். அதைவிட முக்கியம், ஏதுயிகள் வெளிப்படையாகக் கட்சி மாறினார்கள். லுவார் கரையில் இன்றைய நெவேர் இருக்கும் இடத்தில் சீசர் தன் பணயக்கைதிகள், தானியம், பணம், மூட்டைமுடிச்சு எல்லாவற்றையும் வைத்திருந்தார். ஏதுயிகள் அந்த ஊரை எரித்து, முடிந்த அளவு தானியத்தைப் படகில் ஏற்றிக்கொண்டு, மிச்சத்தை ஆற்றில் கொட்டியும் கொளுத்தியும் விட்டார்கள். ரோமானியரை ஆற்றுக்கு அந்தப் பக்கமே நிறுத்திப் பட்டினி போடுவது நோக்கம்.

பிப்ரவரி, மார்ச்சில் என்றால் அது படையை முடித்திருக்கும். இப்போதோ வெயில் காலம் வந்துவிட்டது. குதிரைகளை நீரோட்டத்துக்குக் குறுக்கே நிறுத்தி, தோள்களும் கைகளும் மட்டும் மேலே தெரிய வீரர்கள் லுவாரைக் கடந்தார்கள். கடந்த பக்கத்து வயல்களிலேயே தானியமும் மேய்கிற மாடுகளும் கிடைத்தன. கூரையை எரிக்கலாம், களஞ்சியத்தை எரிக்கலாம்; அவ்வளவு பெரிய நாட்டில் விளைந்து நிற்கும் வயலையெல்லாம் எரித்துத் தீர்க்க முடியாது. பிப்ராக்டேயில் கூடிய பெரிய சபையில் வெர்சிங்கெடோரிக்ஸ் மறுபடியும் அதே பேச்சைப் பேசினார்: உங்கள் தானியத்தை நீங்களே அழியுங்கள், வீடுகளைக் கொளுத்துங்கள். முன்பு போல் ஊர்கள் எரிந்ததாகத் தகவல் இல்லை.

அதற்குள் சீசர் ரைன் ஆற்றுக்கு அப்பாலிருந்து ஜெர்மானியக் குதிரை வீரர்களை வரவழைத்திருந்தார். தெற்கு மாகாணத்துக்கு உதவப் போய்க்கொண்டிருந்த ரோமானியப் படையைத் தப்பி ஓடுகிற படை என்று எடுத்துக்கொண்டு, வெர்சிங்கெடோரிக்ஸ் குதிரைப்படையை ஏவினார். இப்போது விட்டால் பெரிய படையோடு திரும்பி வருவார்கள் என்பது அவர் வாதம். எதிரி அணியை இரண்டு முறை ஊடுருவிக் குதிரை ஓட்டாதவன் வீட்டுக் கூரைக்குள் வரக் கூடாது, பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்கக் கூடாது என்று வீரர்கள் சத்தியம் செய்தார்கள். ஜெர்மானியர் அவர்களைச் சிதறடித்தார்கள். பட்டினி போட்டுக் கொல்வேன் என்று தொடங்கியவர், தன் சொந்த விதியை மீறி மோதியது அங்கேதான். படை பின்வாங்கி அலேசியாவுக்குள் போயிற்று.

அலேசியா: முப்பது நாள் தானியம்

பர்கண்டிப் பகுதியில் அலீஸ்-சாந்த்-ரேன் என்ற ஊருக்கு மேலே இருக்கிற ஒக்ஸ்வா குன்றுதான் அலேசியா என்பது இன்றைக்குப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட முடிவு. குன்றின் இரண்டு பக்கமும் சிற்றாறுகள், மேற்கே சமவெளி. அது மாண்டுபி குலத்தாரின் ஊர். அங்கே 80,000 பேரோடு வெர்சிங்கெடோரிக்ஸ் ஏறினார். சீசர் சுற்றி வளைத்து அகழி வெட்டத் தொடங்கினார்.

வளையம் மூடுவதற்கு முன் ஓர் இரவில் வெர்சிங்கெடோரிக்ஸ் தன் குதிரை வீரர்களை வெளியே அனுப்பினார். ஒவ்வொருவரும் தன் குலத்துக்குப் போய் ஆயுதம் தூக்கக்கூடிய எல்லாரையும் அழைத்து வர வேண்டும். கையிலிருப்பது முப்பது நாளுக்கு மட்டுமட்டான தானியம். அளந்து கொடுத்தால் இன்னும் சில நாள் ஓட்டலாம் என்று சொல்லி அனுப்பினார். பிறகு ஊரில் இருந்த தானியம் முழுவதையும் தன்னிடம் ஒப்படைக்கச் சொன்னார். ஒளித்து வைத்தால் மரண தண்டனை. மாண்டுபிகள் ஓட்டி வந்திருந்த மாடுகள் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கப்பட்டன. தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ரேஷனில் விட்டார்.

80,000 பேருக்கு ரோமானிய அளவில் படி அளந்தால் முப்பது நாளுக்கு 2,000 டன்னுக்கு மேல் வேண்டும். சின்ன ஒரு குலத்தின் மலையூரில் அவ்வளவு இருந்தது என்றால் நம்பச் சிரமம். 80,000 என்ற எண் பெரிதாக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எண் பாதியாக இருந்தாலும் நிலைமை மாறப் போவதில்லை. மார்ச்சில் சீசரை எந்தக் கண்ணியில் மாட்ட நினைத்தாரோ, அந்தக் கண்ணிக்குள் வெர்சிங்கெடோரிக்ஸ் தானே போய் உட்கார்ந்திருந்தார்.

வெளியே நடந்த வேலை பிரமாண்டமானது. உள்ளே இருப்பவர்களை நோக்கி 15, 16 கி.மீ. நீளத்துக்கு ஒரு வளையம். உதவிக்கு வரப்போகிறவர்களை நோக்கி அதற்கு வெளியே சுமார் 21 கி.மீ. நீளத்துக்கு இன்னொன்று. அகழிகள், 12 அடி மதில், 80 அடிக்கு ஒரு கோபுரம், மதிலுக்கு முன்னால் கூர்மையான கழிகள் புதைத்த குழிகள், இரும்பு முட்கள். மூன்றாம் நெப்போலியன் 1861 முதல் 1865 வரை அங்கே தோண்டச் செய்தார். குன்றின் மேல் வெர்சிங்கெடோரிக்ஸுக்கு ஒரு சிலையும் வைத்தார்; சிலையின் முகத்தில் பேரரசரின் சாயல் அடிக்கிறது என்று அப்போதிருந்தே கேலி உண்டு. 1991 முதல் 1997 வரை பிரெஞ்சு, ஜெர்மன் ஆய்வாளர்கள் சேர்ந்து மறுபடி தோண்டினார்கள். சீசர் சொன்ன அகழிகளும் குழிகளும் உண்மையிலேயே இருந்தன. ஆனால் அவர் எழுதியது போல் எல்லா இடத்திலும் ஒரே அமைப்பில் இல்லை. நிலத்துக்கு ஏற்றபடி மாறின. இந்த வேலைகளுக்கு நடுவே படைக்கு முப்பது நாள் தானியமும் தீவனமும் உள்ளே சேர்த்து வைக்கவும் சீசர் உத்தரவிட்டிருந்தார். இரண்டு பக்கமும் முப்பது நாள்.

உதவிப் படை என்ன ஆயிற்று? ஏதுயி நாட்டில் குலத் தலைவர்கள் கூடினார்கள். ஆயுதம் தூக்கக்கூடிய எல்லாரும் வர வேண்டும் என்பது வெர்சிங்கெடோரிக்ஸின் கோரிக்கை. அதை அவர்கள் ஏற்கவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாது, தானியம் போடவும் முடியாது என்று சொல்லி, குலத்துக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கினார்கள். பெல்லோவாசி குலத்துக்கு 10,000 பேர் என்று போட்டார்கள். நாங்கள் ரோமோடு எங்கள் சொந்தப் பெயரில் சண்டை போட்டுக்கொள்வோம், யாருக்கும் கட்டுப்பட மாட்டோம் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். கோமியுஸ் என்ற தலைவரின் முகத்துக்காக 2,000 பேரை மட்டும் அனுப்பினார்கள். தலைமைக்கு நான்கு பேர். கணக்கெடுத்து, அதிகாரிகளை நியமித்து, எல்லாம் முடிந்து புறப்பட்டபோது சீசர் சொல்கிறபடி 8,000 குதிரை வீரர்கள், ஏறக்குறைய 2,50,000 காலாட்கள்.

அவர்கள் வருவதாக எதிர்பார்த்த நாள் கடந்துவிட்டது. அலேசியாவில் தானியமும் தீர்ந்துவிட்டது. என்ன செய்வது என்று கூடிப் பேசியபோது, கிரிடோக்னாடுஸ் என்ற அர்வெர்னிப் பிரபு, முன்பு வடக்கிலிருந்து வந்த கிம்ப்ரியர் என்ற இனத்தாரின் படையெடுப்பின்போது நம் முன்னோர் செய்ததைச் செய்வோம், சண்டைக்கு உதவாதவர்களின் உடலைத் தின்று உயிரைப் பிடித்துக்கொள்வோம் என்றார். அந்தப் பேச்சைச் சீசர் முழுதாக எழுதியிருக்கிறார். மதிலுக்கு உள்ளே நடந்த பேச்சு அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் கூட்டத்தின் முடிவு வெளியே எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. வயதாலோ உடல்நிலையாலோ சண்டைக்கு ஆகாதவர்களை வெளியேற்றினார்கள். ஊரைத் திறந்துவிட்ட மாண்டுபிகள்தான், மனைவி மக்களோடு, வெளியே தள்ளப்பட்டார்கள்.

அவர்கள் ரோமானிய மதிலுக்கு வந்து, எங்களை அடிமைகளாக எடுத்துக்கொண்டு சாப்பாடு மட்டும் போடுங்கள் என்று அழுதார்கள். சீசர் காவல் போட்டு அவர்களைச் சேர்க்காமல் தடுத்தார். அவருக்கும் முப்பது நாள் கணக்குதான். அதற்கு மேல் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. ஊர்க்காரர்கள் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை, அந்த மக்கள் இரண்டு மதிலுக்கும் நடுவிலேயே செத்தார்கள் என்று பல தலைமுறை கழித்து எழுதிய காசியுஸ் டியோ சொல்கிறார். இந்தப் போரில் என்னை மிகவும் உறுத்துகிற இடம் இது. எரிக்காமல் விட்ட அவாரிகத்தில் 40,000 பேர். அடைக்கலம் கொடுத்த அலேசியாவில் ஊரே.

உதவிப் படை வந்த பிறகு நடந்தது சில நாள் சண்டைதான். அவ்வளவு வாய்களை வைத்துக்கொண்டு சமவெளியில் காத்திருக்க முடியாது. சீசர் சொன்ன எண்ணில் பாதியை எடுத்துக்கொண்டாலும் நாளுக்கு 100 டன் தானியம். மறுநாளே குதிரைப்படைச் சண்டை. ஒரு நாள் விட்டு நள்ளிரவுத் தாக்குதல். பிறகு வெர்சிங்கெடோரிக்ஸின் உறவினர் வெர்காசிவெல்லௌனுஸ் 60,000 பேரோடு வடமேற்கே இருந்த ரெயா குன்றைத் தாக்கினார். பெரிய குன்று என்பதால் அதை வளையத்துக்குள் அடக்க முடியாமல், சரிவில் இரண்டு லீஜியன்களை ரோமானியர் வைத்திருந்தார்கள். அவர்களின் ஒரே பலவீனமான இடம் அதுதான். கோலியர் அதைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். சீசரின் துணைத் தளபதி லபியேனஸ் தாங்கிப் பிடிக்க, கடைசி நேரத்தில் சீசரும் வந்து சேர, ரோமானியக் குதிரைப்படை பின்னால் சுற்றி வந்து வெட்டியதும் அணி உடைந்தது. 74 கொடிகள் பிடிபட்டன. உதவிப் படை அன்றிரவே கலைந்தது.

மறுநாள் வெர்சிங்கெடோரிக்ஸ் தன் ஆட்களிடம், என்னைக் கொன்று கொடுத்தாலும் சரி, உயிரோடு கொடுத்தாலும் சரி என்றார். ரோமில் ஆறு வருடம் சிறையில் இருந்து, கி.மு. 46-இல் சீசரின் வெற்றி ஊர்வலத்துக்குப் பிறகு கொல்லப்பட்டார். பிடிபட்டவர்களை வீரனுக்கு ஓர் ஆள் என்று அடிமைகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஏதுயி, அர்வெர்னி குலத்தார் சுமார் 20,000 பேரை மட்டும் சீசர் திருப்பி அனுப்பினார். தானியம் போடக்கூடிய பெரிய குலங்கள் அவருக்கு இனியும் வேண்டியிருந்தன.

தவறு யாருடையது?

அவாரிகத்தை விட்டுக்கொடுத்தது வெர்சிங்கெடோரிக்ஸின் மன இளகல் என்று சொல்வது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. சொந்தக் குலமே ஒருமுறை துரத்திய மனிதர். அடுத்த குலத்தின் தலைநகரை அவர்கள் காலில் விழும்போது கொளுத்தியிருந்தால் கூட்டணி அன்றே உடைந்திருக்கும். அவாரிக முற்றுகையின் நடுவில்கூட, ரோமோடு ரகசியப் பேச்சு நடத்துகிறார் என்று சொந்த ஆட்களே அவர்மேல் துரோகக் குற்றம் சாட்டினார்கள். பட்டினியால் வாடிய சில அடிமைகளை ரோமானிய வீரர்கள் என்று சபையில் நிறுத்தி, எதிரிப் படை எவ்வளவு பசியில் இருக்கிறது பாருங்கள் என்று காட்டித்தான் தப்பித்தார். அந்த நாடகம் ஏமாற்று வேலை. அதில் சொன்ன செய்தி உண்மை.

சீசருக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவர் எரி என்றால் எரியும். கோலியர் கூட்டணியோ ஒவ்வொரு முடிவையும் கூடிப் பேசி, சம்மதம் வாங்கி எடுக்க வேண்டிய அமைப்பு. அவாரிகம் தப்பியதும் அதனால், பெல்லோவாசிகள் மறுத்ததும் அதனால், உதவிப் படை தாமதமாக வந்ததும் அதனால். பட்டினிப் போருக்கு நாள் கணக்குதான் எல்லாம். அந்த அமைப்பால் தேதிக்குள் ஒன்றையும் செய்ய முடியவில்லை.

அலேசியாவோடு எல்லாரும் அடங்கிவிடவில்லை. மறு வருடம் கி.மு. 51-இல் லூக்டேரியுஸ், திராப்பெஸ் என்ற இரு தலைவர்கள் தெற்கே உக்செல்லோடுனம் என்ற மலைக்கோட்டையில் ஏறினார்கள். அலேசியாவின் கதி லூக்டேரியுஸுக்கு நன்றாக நினைவிருந்தது. அதனால் முற்றுகை இறுகுவதற்கு முன்பே 2,000 பேரை மட்டும் கோட்டையில் விட்டுவிட்டு, மற்றவர்களோடு வெளியே போய்த் தானியம் திரட்டினார்கள். விடிவதற்கு முன் காட்டுப் பாதையில் அதை ஏற்றிக்கொண்டு வந்தபோது ரோமானியக் காவலர் காதில் சத்தம் விழுந்து, அந்தக் கூட்டம் மாட்டிக்கொண்டது. ஆனாலும் கோட்டைக்குள் ஏற்கெனவே போதிய தானியம் இருந்தது. சீசரே வந்து பார்த்தார். இவர்களைப் பட்டினி போட முடியாது என்று புரிந்ததும் தண்ணீர்மேல் கை வைத்தார். மதிலடியில் இருந்த ஊற்றுக்குப் போகிற வழியை மறிக்க 60 அடி மேடும் அதன்மேல் பத்தடுக்குக் கோபுரமும் எழுப்பினார். அதே சமயம் அடியில் சுரங்கம் தோண்டி ஊற்றின் கண்களை வெட்டித் திருப்பினார். ஊற்று வற்றியதும் கோட்டை சரணடைந்தது.

ஆயுதம் தூக்கிய எல்லாருடைய கைகளையும் வெட்டிவிட்டு, உயிரோடு விட்டார். அவருடைய பதவிக் காலத்தில் இன்னும் ஒரே ஒரு கோடைதான் பாக்கி என்பது கோலியருக்குத் தெரிந்திருந்தது. அதுவரை தாக்குப்பிடித்தால் போதும் என்று மற்ற ஊர்களும் கிளம்பிவிடுமோ என்பது சீசரின் கவலை என்கிறார், அந்த வருடத்தை எழுதிய அவருடைய அதிகாரி ஹிர்டியுஸ்.